தோணித்துறைக் கட்டியம்

நெடுமலைச் சீமையில் ராஜாவுக்கு முன்னால் நடக்க உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான். தளவாய் பின்னால் வருவார், பிரதானி பின்னால் வருவார், பட்டத்து யானையும் பின்னால்தான் வரும். கட்டியக்காரர் குற்றாலிங்கம் மட்டும் வெள்ளிக்கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நாலு அடி முன்னால் நடப்பார்.

ராஜாவின் விருதுப் பெயர்களை உரக்கச் சொல்வது அவர் வேலை. மொத்தம் இருபத்தொரு பெயர். 'மலை காத்த மார்பர், மூன்று ஆற்றுக்கு உடையவர்' என்று தொடங்கினால் நடுவில் மூச்சு வாங்க மாட்டார். கடைசியில் ராஜாவின் பேரைச் சொல்லி, 'வருகிறார், பராக்! பராக்!' என்று முடிப்பார். அந்தக் குரலைக் கேட்டால் தெருவில் கிடக்கிற நாய்கூட எழுந்து ஓரமாய்ப் போகும் என்று அவரே சொல்லிக்கொள்வார். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொள்வார்.

கட்டியக்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் ராஜாவுக்கு முன்னால் நடந்தவர், ராஜா நடந்து வருகிற அழகை ஒருநாளும் பார்த்ததில்லை.

கதிர்முடி ராஜா இறந்துபோனார். மகன் பட்டத்துக்கு வந்தார். பட்டம் கட்டிய அன்றைக்கே நகர்வலம். தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். குற்றாலிங்கம் கோலை நிமிர்த்தினார், இருபத்தொரு பெயரையும் பிசகாமல் சொன்னார், கடைசியில் பழக்க தோஷம் வாயில் வந்து நின்றுவிட்டது.

"கதிர்முடி ராஜா வருகிறார், பராக்! பராக்!"

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வயசானவர்கள் சிலர் நிஜமாகவே செத்தவர் வருகிறாரோ என்று எட்டிப் பார்த்தார்கள். பல்லக்கில் இருந்த புது ராஜாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. பட்டத்துக்கு வந்த அன்றைக்கு, செத்துப்போன அப்பனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்? நடுத்தெருவிலேயே வெள்ளிக்கோலைப் பிடுங்கினார்கள்.

"அந்த இருபத்தொரு பேரும் அரண்மனைச் சொத்து. இனிமே உம்ம வாயில வரப்படாது" என்றார் பிரதானி.

அரண்மனைத் தெரு வீட்டையும் காலி பண்ணச் சொன்னார்கள். குற்றாலிங்கம் மனைவி செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு அவள் தம்பி வீட்டுக்குப் போனார். மைத்துனன் மோசமானவன் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் இலை போட்டதும், "மெதுவாச் சாப்பிடுங்க அத்தான், இனி எங்க அவசரமாப் போவணும்?" என்பான். எட்டு நாள் அந்தச் சோற்றைத் தின்றார். ஒன்பதாம் நாள் காலையில் அரண்மனைத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கோலோட வாரேன். இல்லன்னா ஆத்தோட போறேன்" என்றார்.

சொன்னால் செய்கிற ஆள் என்று செண்பகத்துக்குத் தெரியும்.

"ஆத்துக்குத்தான் போறீங்கன்னா தோணித்துறைக்குப் போங்க. அங்க பூரணத்தம்மை இருக்காக. அவுக ஓலை குடுத்தா அரண்மனையில படிக்காம இருக்க மாட்டாக."

பூரணத்தம்மைக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். குற்றாலிங்கத்தைவிடப் பதினெட்டு வயசு இளையவர். மடம் கிடையாது, காவி கிடையாது, உபதேசமும் கிடையாது. முன்பு ஒரு வருஷம் வாந்திபேதி வந்தபோது, ஊர் ஊராக ஜனங்கள் நோயாளிகளைத் தூக்கிவந்து ஆற்றங்கரை மண்டபத்தில் போட்டுவிட்டுத் தோணியேறி அக்கரைக்கு ஓடினார்கள். பூரணத்தம்மை ஓடவில்லை. அவரைப்பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. கதிர்முடி ராஜா இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒருதரம் வந்து அவர் முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். என்ன பேசினார்கள் என்று குற்றாலிங்கத்துக்குத் தெரியாது. அவர் நாலு அடி முன்னால், மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

இந்த வருஷமும் பேதி வந்திருந்தது. குற்றாலிங்கம் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் முழுக்கப் பாய் விரித்திருந்தது. வெளியே அடுப்பில் ஓர் அண்டாவில் துணி வெந்துகொண்டிருந்தது. அம்மை கழியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"யாரு நீரு?"

"நெடுமலைச் சீமை அரண்மனைக் கட்டியம் குற்றாலிங்கம்!"

மண்டபம் அதிர்ந்தது. உள்ளே யாரோ பயந்து அழுதார்கள்.

"மெதுவாச் சொல்லும். ஆளு சாவக் கெடக்கு."

"மெதுவாப் பேசிப் பழக்கமில்ல தாயே."

"வேலை போயிட்டுன்னு கேள்விப்பட்டேன்."

"போயிட்டு."

"பெறவும் அரண்மனைக் கட்டியம்ங்கீரு."

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வாய் வெறுமனே திறந்து மூடியது அதுதான் முதல்தடவை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தவறிப்போன வாய், பிடுங்கின கோல், மைத்துனன் சோறு, வாசலில் நின்று சொன்ன சபதம். அம்மை கிளறுவதை நிறுத்தவில்லை.

"ஒரு ஓலை எழுதிக் குடுங்க தாயே. புத்தி பிசகிட்டு, மன்னிச்சுச் சேத்துக்கிடச் சொல்லுங்க. மாட்டேன்னா நான் ஆத்துல விழுந்துருவேன்."

அம்மை ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் துறையில விழாதேயும். குடிக்க இங்கதான் தண்ணி எடுக்கோம்."

ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் கேட்டபடியே ஓலை எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தோணிக்காரன் வாங்கிக்கொண்டு போனான்.

"பதில் வார வரைக்கும் நான் என்ன செய்ய?"

"உமக்கு என்ன செய்யத் தெரியும்?"

"முன்னால நடக்கத் தெரியும்."

"அப்பம் சாயங்காலம் வாரும்."

சாயங்காலம் ஒரு பாடை எழுந்தது. சுடலை, மாடன் என்று அண்ணன் தம்பி ரெண்டுபேர் அங்கே பிணம் தூக்குகிறவர்கள். பேதியில் தப்பிப் பிழைத்து, வீட்டுக்குப் போகாமல் அம்மையோடு தங்கிவிட்டவர்கள். அவர்கள் தூக்கினார்கள். அம்மை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். ஆற்று மேட்டில் ஒரு மணல்திட்டு இருந்தது. அங்கேதான் குழி. சங்கு கிடையாது, சேகண்டி கிடையாது, கொட்டு கிடையாது. அழவும் ஆள் கிடையாது.

குற்றாலிங்கம் நாலு அடி முன்னால் நடந்தார். ராஜாவுக்கு முன்னால் நடந்த கால் பாடைக்கு முன்னால் நடக்கக் கூசியது. கையில் கோல் இல்லாததால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. பாதி வழியில் பின்னாலிருந்து அம்மையின் குரல் கேட்டது.

"ஏன் சும்மா போறீரு?"

"என்னன்னு சொல்ல? ஆரு, என்ன பேருன்னு ஒண்ணும் தெரியாதே தாயே."

"எப்பம் வந்தீரு இங்க?"

"காலையில."

"இவன் உச்சிப்பொழுது வரைக்கும் உயிரோடதான் இருந்தான்."

குற்றாலிங்கம் நின்றார். கட்டுப்பாட்டை மறந்து திரும்பிப் பார்த்தார். பாய்க்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. குதிகால் முழுக்க வெடிப்பு. காலையிலிருந்து அந்த ஆளுக்கு நாலு முழத் தூரத்தில், தூணில் சாய்ந்துகொண்டு, அரண்மனைப் பதிலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மணல்திட்டு வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பாய் பாயாகப் போனார்.

ஆரம்பம் சரியாக இல்லை. "உம்ம விருது என்ன?" என்று அரண்மனைக் குரலில் ஒருவனைக் கேட்டார். வரி தண்ட வந்திருக்கிறார்கள் என்று அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். இன்னொருவன் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு, சாகக் கிடக்கிறவன், எழுந்து கும்பிட முயன்றான். குற்றாலிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைப்பாகையைக் கழற்றித் தூணோரம் வைத்தார். தரையில் உட்கார்ந்தார். அப்போதும் அவர்கள் சொல்வது கேட்கவில்லை. குனிந்து காதை வாயோரம் கொண்டுபோனபோதுதான் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கத்த முடியுமா? அவர் குரல் தானாகவே இறங்கியது.

வாய் நிறையப் பேசினது பிச்சம்மாள்தான். உப்பு விற்கிறவள். அறுபது வயசு. கண் உள்ளே போய்விட்டது, வாய் மட்டும் உள்ளே போகவில்லை.

"என்ன செஞ்சேன்னா கேக்கீரு? பதினோரு ஊருக்கு உப்புச் சொமந்தேன். சொமந்து சொமந்து கழுத்து ரெண்டு வெரல் அளவு உள்ள போயிட்டு. பாரும், எனக்குக் கழுத்தே கெடையாது."

"அதைச் சொல்லலாமா?"

"எதை? கழுத்து இல்லாததையா? போவும்வே! உப்பைச் சொல்லும். என் உப்பு இல்லாம பதினோரு ஊர்ல ஒருத்தன் ஒருவாய்க் கஞ்சி குடிக்க முடியாது."

"சொல்லுதேன்."

"எப்பிடிச் சொல்லுவீரு?"

"அது அப்பம் சொல்லுவேன்."

"நான் செத்த பெறவு நீரு என்னத்தச் சொன்னா எனக்கென்ன தெரியும்? இப்பம் சொல்லும், கேக்கேன்."

குற்றாலிங்கம் அம்மையைப் பார்த்தார். அம்மை யாருக்கோ கஞ்சித் தெளிவு கொடுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. சுற்றிலும் சாகக் கிடந்தவர்கள் ஒருக்களித்துப் பார்த்தார்கள். குற்றாலிங்கம் எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். வேலை போனபிறகு முதல்தடவையாக முழுக்குரலையும் எடுத்தார்.

"பதினோரு ஊர் உலைக்கும் ருசி கொடுத்தவர்! கோடை மழை பாராமல் கூடை சுமந்தவர்! அளந்த படியில் ஒரு கல் குறையாதவர்! உப்புக்கு உடையவர் பிச்சம்மாள் வருகிறார், பராக்! பராக்!"



"படி விஷயத்துல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்துச்சு. இருந்தாலும் இருக்கட்டும்" என்றாள் பிச்சம்மாள். "இன்னொருக்கச் சொல்லும்."

மூன்றுதரம் சொல்ல வைத்தாள். அன்றைக்குக் கஞ்சித் தெளிவு அவள் வயிற்றில் நின்றது. எட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். பத்தாம் நாள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "நான் செத்தா ஆள் அனுப்புதேன், வந்து சொல்லும், ஒரு சொல்லு கொறையப்படாது" என்று சொல்லிவிட்டுத் தோணியேறினாள்.

எல்லோரும் அப்படி எழுந்துபோகவில்லை. பத்தில் ஏழுபேர் மணல்திட்டுக்குத்தான் போனார்கள்.

மாடக்கண்ணு என்று ஒருவன். யார் வயலிலோ பிறந்து, யார் வயலிலோ உழுது, பேசத் தெரியாமலே ஐம்பது வயசானவன். "நான் ஒண்ணும் செய்யலியே சாமி" என்பதற்குமேல் அவனிடம் வார்த்தை இல்லை. குற்றாலிங்கம் ரெண்டு நாள் அவன் பக்கத்திலேயே இருந்தார். துடைத்துவிட்டார், தண்ணீர் கொடுத்தார், மறுபடி மறுபடி கேட்டார். மூன்றாம் நாள் காலையில் அவனாகவே சொன்னான்.

"ஒரு நாள் கன்னுக்குட்டி கெணத்துல விழுந்துட்டு."

"யாரு கன்னு?"

"தெரியாது. கத்திச்சு. எறங்கித் தோளுல போட்டுத் தூக்கிட்டு வந்தேன்."

"பெறவு?"

"பெறவு ஒண்ணுமில்ல. அது ஓடிப்போச்சு."

அன்று மத்தியானம் மாடக்கண்ணு போனான். 'கிணற்றில் கதறிய கன்றைத் தோளில் சுமந்து கரையேற்றியவர்' என்று ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு குற்றாலிங்கம் முன்னால் நடந்தார். அக்கரையில் ஒருவன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பாடை மறைகிற வரைக்கும் நின்றான். அன்றைக்குக் குற்றாலிங்கம் கஞ்சியை ரெண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அக்கரையில் ஆட்கள் நிற்பது வழக்கமாயிற்று. ஒருதரம் பேரைச் சொன்னதும் அக்கரையிலிருந்து "ஐயோ, எங்கய்யா!" என்று ஒரு குரல் கேட்டது. பத்து நாளுக்கு முன்னால் அப்பனை மண்டபத்தில் போட்டுவிட்டு ஓடின மகன். தோணிக்குக்கூடக் காத்திராமல் ஆற்றில் குதித்து நீந்தி வந்தான். சுடலை ஒன்றும் பேசாமல் தோளை விலக்கி அவனுக்கு இடம் விட்டான். இப்படி நாலைந்து பேர் வந்தார்கள். வந்தவர்களில் ரெண்டுபேர் தங்கி விறகு வெட்டிக் கொடுத்தார்கள். குற்றாலிங்கத்துக்கு ஒவ்வொரு நாளும் வேலை சரியாக இருந்தது. ராத்திரி படுத்தால் உடனே தூங்கினார். இதெல்லாம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை.

அதற்காகக் கோலை மறந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் மத்தியானத் தோணி வருகிற நேரத்துக்குத் தலைப்பாகையைத் தட்டிக் கட்டிக்கொண்டு துறையில் போய் நிற்பார். தோணி காலியாக வரும், அல்லது நோயாளியோடு வரும். ஒருநாள் அம்மை தண்ணீர் எடுக்க வந்தவர் பக்கத்தில் நின்றார்.

"ஒலகத்துல எத்தனையோ வேலை இருக்கு தாயே. ஆனா ராஜாவுக்கு முன்னால நடந்தவன்னு ஒருத்தன்தான் இருந்தான்" என்றார் குற்றாலிங்கம்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அம்மை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாற்பத்தோராம் நாள் காலையில், யாரோ ஒரு பெண்ணைத் தோணியில் கொண்டுவந்து கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நிறைமாதம். பேதி கண்டு ரெண்டு நாள் ஆகியிருக்கும் போலிருந்தது. கண் திறந்திருந்தது, பேச்சில்லை. குற்றாலிங்கம் மூன்றுதரம் குனிந்து பேர் கேட்டார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அம்மை அவளை மண்டபத்து மூலையில் துணி கட்டின மறைப்புக்குள் கொண்டுபோகச் சொன்னார்.

மத்தியானத் தோணியில் அரண்மனைச் சேவகன் வந்தான். நோய்க்குப் பயந்து கரையில் கால் வைக்கவில்லை. தோணியில் நின்றபடியே ஓலையை மணலில் எறிந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

குற்றாலிங்கம் எடுத்துப் படித்தார். பிரதானியின் ஓலை.

பூரணத்தம்மை எழுதியதை ராஜா பார்த்ததாகவும், அம்மைக்கு மரியாதை செய்து குற்றாலிங்கத்தை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சித்தமாக இருந்ததாகவும் பிரதானி எழுதியிருந்தார். கோல்கூட எடுத்து வைத்தாயிற்றாம். அதற்குள், ராஜாவுக்குச் சொல்கிற கட்டியத்தைப் பேதியில் செத்த பிணங்களுக்கு முன்னால் அந்த ஆள் சொல்லிக்கொண்டு போவதாக அக்கரை ஊர்களிலிருந்து சேதி வந்துவிட்டது. பிணத்துக்குப் பராக் சொன்ன வாய் இனி ராஜாவுக்குச் சொல்லக் கூடாது. வேலை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று. கட்டியம் என்கிற பட்டத்தை அந்த ஆள் தன் பேருக்கு முன்னால் இனிமேல் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

குற்றாலிங்கம் ரெண்டாம்தரம் படித்தார். எழுத்து மாறவில்லை. ஓலையை எடுத்துக்கொண்டு அம்மையிடம் போனார். அவர் மறைப்புக்கு வெளியே வெந்நீர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சேத்துக்கிடுததா இருந்தாகளாம். கோல்கூட எடுத்து வச்சிட்டாகளாம்."

அம்மை ஓலையை வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க நடக்கச் சொன்னீக, நடந்தேன். ஏன் சும்மா போறீருன்னு கேட்டீக, சொன்னேன். அதனால போச்சு." அவர் குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "இப்படி ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"பிச்சம்மாளுக்குச் சொன்னீருல்லா, அன்னைக்கே."

"அன்னைக்கே என்னைத் தடுத்திருக்கலாம்."

"தடுத்திருக்கலாம்."

மறுத்தாலாவது சண்டை போடலாம். ஆமாம் என்று சொல்கிறவரோடு என்ன சண்டை போடுவது?

"ஏன் தடுக்கல? சொல்லுங்க. எனக்கு இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டு நிக்கீகளே, ஏன் தடுக்கல?"

"அம்மா!" என்று உள்ளேயிருந்து சுடலை கூப்பிட்டான். "அம்மா, தலை தெரியுது."

அம்மை வெந்நீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குற்றாலிங்கம் அங்கே நிற்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றினார். ஓலையை அதற்குள் வைத்துச் சுற்றித் தூணோரம் வைத்தார். துறையை விட்டுக் கீழே நடந்தார். தண்ணீர் எடுக்கிற இடத்தைத் தாண்டி, ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு மடு உண்டு. யானை இறங்கினாலும் முதுகு தெரியாது என்பார்கள். கரைப் பாறையில் போய் நின்றார்.

அவருக்குப் பயமாக இல்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது. செண்பகத்தை நினைத்தார். அவள் தம்பி வீட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். கோல் இல்லாமல் அங்கே போய் இலைக்கு முன்னால் உட்காருவதை நினைத்ததும் பாறையின் விளிம்புக்கு ஓரடி நகர்ந்தார். நாற்பது நாளும் அவர் சொன்ன பேர்கள் எதுவும் அப்போது உதவிக்கு வரவில்லை. மத்தியான வெயிலில் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது.

பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது. தடுக்க வருகிறார்கள் என்று நினைத்து, திரும்பாமலே சொன்னார்.

"பக்கத்துல வராதீங்க."

"வரல" என்றார் பூரணத்தம்மை. "போறது போறீரு. இதுக்கு முன்னால நடந்துட்டுப் போவும்."

குற்றாலிங்கம் திரும்பினார். அம்மையின் கையில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒன்று இருந்தது. ரெண்டு கைக்குக்கூடத் தேவையில்லாத அளவு சின்னது.

"இதோட தாயி?"

"அவளும் போயிட்டா. சுடலையும் மாடனும் பொறத்தால தூக்கிட்டு வாராக. இதுக்குப் பாடை வேண்டாம், கையில போவும். முன்னால நடக்கத்தான் ஆளு இல்ல."

"பேரு?" பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வைக்கல."

"தாயி பேரு?"

"சொல்லாமலே போயிட்டா."

"எந்த ஊரு?"

"தெரியாது."

குற்றாலிங்கம் பாறையிலிருந்து இறங்கி வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"பேரு இல்ல. ஊரு இல்ல. ஒரு படி உப்பு அளக்கல, ஒரு கன்னைத் தூக்கல. ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யல. இதுக்கு நான் என்னத்தச் சொல்ல? என்ன இருக்குன்னு சொல்ல?"

சொல்லி முடிக்குமுன் அவருக்கு அழுகை வந்துவிட்டது. பச்சைக் குழந்தைக்காக அழுகிறாரா, தனக்காக அழுகிறாரா என்று அவருக்கே புரியவில்லை. நெடுமலைச் சீமையையே ஒதுங்க வைத்த அந்தக் குரல் உடைந்து, ஆற்றங்கரை மணலில் நின்று, சின்னப் பிள்ளையாட்டம் அழுதது. அம்மை அழுகை அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு துணியை விரலால் விலக்கி முகத்தைக் காட்டினார்.

"அரை நாழிகை மூச்சு விட்டுது. நான் பாத்தேன். அதைச் சொல்லும்."